தொண்ணூறு சதவீதத் தள்ளுபடியின் உயிரியல்

புரட்டாசி பிறந்தால் போதும், சிவகாசி கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குருவி வெடி, லட்சுமி வெடி, சங்குசக்கரம், புஸ்வாணம், ஃபேமிலி பேக் என்று வண்ணப் படங்களோடு ஒரு விலைப்பட்டியல். பட்டியல் விலையில் எண்பது சதவீதம், தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி. கீழே ஒரு வாட்ஸ்அப் எண், பக்கத்தில் ஒரு க்யூஆர் கட்டம். பணம் அனுப்பினால் முத்திரை போட்ட ரசீது வரும். “சரக்கு லாரியில ஏத்தியாச்சு சார்” என்று மரியாதையான ஒரு குரல் வரும். லாரி வாடகை, பேக்கிங் கட்டணம் என்று அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் கேட்கும். அதோடு எண் அணைந்துவிடும். 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவு இந்த ரகப் போலிப் பட்டாசுத் தளங்களைப் பற்றித் தனியாகவே எச்சரிக்க வேண்டியிருந்தது.

தள்ளுபடியைப் பார்த்தே உஷாராகியிருக்க வேண்டாமா என்று கேட்பது சுலபம். சிவகாசி வியாபாரம் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் விற்கிற விலைக்கும் உறவே இல்லாமல் இருப்பது அந்தத் தொழிலின் நீண்டகாலப் பழக்கம்; நேர்மையான கடையும் அதே எண்பது சதவீதத்தைத்தான் போடுகிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. பெரிய தளங்கள் விலகிக்கொண்டன. தேவை மட்டும் அப்படியே இருந்து, பெயர் தெரியாத சின்னத் தளங்களின் பக்கம் திரும்பியது. வெடிபொருளைச் சாதாரண கூரியரில் அனுப்ப முடியாது, ஆகவே லாரி ஆபீஸில் போய்த்தான் எடுக்க வேண்டும். கேள்விப்படாத கடை, நம்ப முடியாத தள்ளுபடி, முழுப் பணமும் முன்கூட்டியே, சரக்கு பல நாள் கழித்து வேறோர் இடத்தில்: ஒரு திருடன் உட்கார்ந்து திட்டம் போட்டால் கேட்கக்கூடிய எல்லாமே இந்த வியாபாரத்தின் சாதாரண நடைமுறையாக ஏற்கெனவே அமைந்திருக்கின்றன.

நல்லவனும் கள்வனும் ஒரே தோற்றத்தில் நிற்கும்போது எதைப் பார்த்துப் பிரிப்பது? உயிரியல் இந்தக் கேள்வியோடு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1848 முதல் 1859 வரை அமேசான் காடுகளில் பூச்சி சேகரித்தார். பறவைகள் தொடாத கசப்பு வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டத்தில், அச்சு அசலாக அதே சிறகோடு, ஆனால் கசப்பே இல்லாத வேறு இனங்கள் கலந்து பறப்பதைக் கண்டார். 1862இல் அதை விளக்கி எழுதினார். இதைப் பார்க்க அமேசான் போக வேண்டியதில்லை. நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடுகிற காமன் மார்மன் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி போதும். அதன் பெண்களில் ஒரு வகைக்குப் பின்சிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளிகளும் இருக்கும். அது காமன் ரோஸ் என்ற வேறோர் இனத்தின் உடை. காமன் ரோஸின் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளை இனச் செடிகளை; அதன் நஞ்சு வளர்ந்த பூச்சியின் உடம்பிலும் தங்கிவிடுவதால் பறவைகள் அதை விட்டுவிடுகின்றன. மார்மனின் ஆணுக்கு இந்த வேஷம் கிடையாது. அதன் பெண்கள் வெவ்வேறு உடையில் திரிந்தாலும் எல்லாம் ஒரே இனம்தான் என்று 1865இல் தெளிவாக எழுதியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்.

இதில் நமக்கு வேண்டியவை இரண்டு. போலி எதை நகலெடுக்கிறது என்பது ஒன்று. சிறகின் நிறத்தை மட்டும்தான் எடுக்கிறது, நஞ்சை எடுப்பதில்லை. நஞ்சு வேண்டுமென்றால் நச்சுச் செடியைத் தின்று செரிக்கும் உடம்பு வேண்டும், அது செலவுள்ள காரியம். மற்றொன்று, அசல்கள் பெருத்திருக்கும் இடத்தில்தான் போலி பிழைக்கும். போலிகள் அதிகமானால் பறவைகளுக்கு ருசியான இரை அடிக்கடி சிக்கும், வேஷத்தின் மேலிருந்த பயம் போய்விடும்.

பண்டிகைக் கால விற்பனை அசல்கள் வெள்ளமாகப் பெருகும் காலம். தெரிந்த கடைகளே நாளுக்கு நாலு குறுஞ்செய்தி அனுப்புகின்றன. சமூக ஊடகத்தில் இரண்டு படத்துக்கு ஒரு விளம்பரம். அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஒன்றாய் நுழையும் போலி கண்ணுக்குப் படுவதில்லை. அதோடு, பறவைக்கு இருக்கிற ஒரு வசதி நமக்கு இல்லை. காமன் ரோஸ் அடுத்த மாதமும் அதே உடையில்தான் வரும், ஆகவே பறவையின் அனுபவம் வீணாவதில்லை. போலித் தளமோ சில நாள்தான் உயிரோடு இருக்கிறது. ஏமாந்தவர்களின் புகார் இணையத்தில் ஏறுவதற்குள் பெயரை மாற்றிக்கொண்டு வேறு முகவரியில் திறந்துவிடுகிறது. நாம் கற்றுக்கொண்ட பாடம் செத்துப்போன தளத்தைப் பற்றியது.

போலிக் கடையோடு போலிப் பார்சல் செய்தியும் இதே காலத்தில் வரும். “எனக்குப் பார்சல் வரப்போவது அவனுக்கு எப்படித் தெரிந்தது?” என்று ஏமாந்தவர்கள் பதறுவதுண்டு. பெரும்பாலும் தெரிந்திருக்கத் தேவையே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண வாரத்தில் நூறு பேரில் ஐந்து பேர் பார்சலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று வையுங்கள்; தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அது நாற்பது ஆகிறது. “முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பார்சல் நிற்கிறது” என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினால், முன்பு 5,000 பேருக்குப் பொருந்திய செய்தி இப்போது 40,000 பேருக்குப் பொருந்துகிறது. செய்தி மாறவில்லை, ஆளைப் பற்றிய உளவும் இல்லை. காலண்டர்தான் வேலை செய்கிறது. இந்திய அஞ்சல் துறையின் பெயரிலேயே, 48 மணி நேரத்துக்குள் முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி இப்படிக் குறுஞ்செய்திகள் சுற்றின. அவை போலி என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் அறிவித்தது. அந்த இணைப்பைத் திறந்தால் கேட்பது பெரும்பாலும் சொற்பத் தொகை. இருபது, முப்பது ரூபாய்தானே என்று அட்டை எண்ணைக் கொடுக்கிறோம். அவர்களுக்கு வேண்டியது அட்டை எண்தான்.

எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள் என்ற பழைய அறிவுரையை இனி மூட்டை கட்டி வைத்துவிடலாம். அதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. நைஜீரிய இளவரசர் சொத்தை மாற்றித் தருகிறேன் என்று வரும் மின்னஞ்சல்கள் ஏன் அவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கின்றன என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மக் ஹெர்லி 2012இல் ஆராய்ந்தார். அந்த ஏமாற்றில் மின்னஞ்சல் அனுப்புவது மலிவு. பதில் போட்டவரோடு வாரக்கணக்கில் பேசிப் பேசிப் பணம் கறப்பதுதான் செலவு. பாதியில் சந்தேகப்பட்டு நழுவுகிறவரால் நஷ்டம். ஆகவே முதல் கடிதத்திலேயே விவரமானவர்கள் சிரித்துவிட்டு ஒதுங்கிவிடுவது திருடனுக்கு லாபம். போலிக் கடைக்கு இந்தக் கணக்குத் தலைகீழ். அங்கே வாரக்கணக்கில் பேசி மயக்க ஆள் வேண்டாம், பணம் வாங்குவது பெரும்பாலும் இயந்திரம். சந்தேகப்பட்டுப் போகிறவரால் ஒரு காசு நஷ்டமில்லை. எனவே தளம் எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவு வரும்படி. அசல் தளத்தின் படம், எழுத்துரு, திரும்பப் பெறும் விதிமுறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகலெடுக்கக் கருவிகள் இருக்கின்றன. பிழையில்லாத தமிழில் வாடிக்கையாளர் கருத்துகளை எழுதித் தரச் செயற்கை நுண்ணறிவும் இருக்கிறது.

அடுத்தது அவசரம். 1975இல் ஸ்டீஃபன் வார்ச்செலும் கூட்டாளிகளும் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். ஒரே பிஸ்கட், சிலருக்குப் பத்து இருக்கும் ஜாடியிலிருந்து, சிலருக்கு இரண்டே இருக்கும் ஜாடியிலிருந்து. இரண்டு இருந்த ஜாடியின் பிஸ்கட்டுக்கு மதிப்பு கூடியது. முதலில் பத்தைக் காட்டி, கண் முன்னாலேயே இரண்டாகக் குறைத்தபோது இன்னும் கூடியது. ஆனால் ருசி அதிகம் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. வேண்டும் என்ற ஆசைதான் ஏறியிருந்தது. “இன்னும் 2 மட்டுமே”, “இந்தச் சலுகை முடிய 04:59” என்று திரையில் இறங்கும் எண்கள் அதே ஜாடிதான்.

இந்த இடத்தில் பெரிய கடைகளின் மேல் எனக்குக் கோபம் உண்டு. பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும் கடிகாரத்தை வைத்து நம்மைப் பழக்கியது திருடர்கள் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. அந்தப் பட்டியலில் பொய் அவசரமும் உண்டு, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதும் உண்டு. நெறிகள் வந்த பிறகும் கடிகாரங்கள் ஓயவில்லை. உங்கள் வங்கி, உங்கள் கடை, உங்கள் கூரியர் எல்லாரும் சுருக்கப்பட்ட இணைப்பை அனுப்பி ‘இங்கே தொடுக’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், தொடாதீர்கள் என்ற அறிவுரை யார் காதில் ஏறும்?

நம்பிக்கையின் சின்னம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த பூட்டுப் படத்தின் கதையும் இதே போன்றதுதான். பூட்டு சொல்வது ஒன்றே ஒன்று: உங்கள் கைப்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லவே இல்லை. ஒரு காலத்தில் அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அதை இலவசமாக, சில நிமிடங்களில் தருகிறது. இணையத்துக்கு அது பெரிய நன்மை; திருடனுக்கும் அதே நன்மை. திருட்டுத் தளங்களும் ஏறக்குறைய எல்லாமே பூட்டோடு வரத் தொடங்கியதால், 2023இல் கூகுள் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

முகவரியை வாசிக்கத் தெரிந்தால் கொஞ்சம் பயனுண்டு. தபால் முகவரியில் ஊர் கடைசியில் வருவது போல இணைய முகவரியிலும் உரிமையாளர் பெயர் கடைசியில்தான். முத்துக்கடை.காம் என்று ஒரு கடை இருப்பதாக வையுங்கள். ஆஃபர்.முத்துக்கடை.காம் அவர்களுடையது. முத்துக்கடை.தீபாவளி-ஆஃபர்.காம் அவர்களுடையது அல்ல, தீபாவளி-ஆஃபர் என்ற பெயரைப் பதிந்தவருடையது. https:// என்பதை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்கும் இரண்டு துண்டுகளைப் பாருங்கள், கோ.இன் என்று முடிந்தால் மூன்று. கைப்பேசித் திரையில் முகவரியின் வால் மறைந்துபோவதால் இந்தத் தந்திரம் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. எழுத்தை மாற்றுவது இன்னொரு வழி. ரஷ்யர்களின் சிரிலிக் வரிவடிவத்தில் ஆங்கில எழுத்துகளைப் போலவே தோன்றும் எழுத்துகள் உண்டு. 2017இல் ஓர் ஆய்வாளர் அவற்றைக் கொண்டே ஆப்பிள் நிறுவனத்தின் பெயரில் ஒரு முகவரியைப் பதிந்து காட்டினார். சில உலாவிகளில் துளி வித்தியாசம் தெரியவில்லை, குரோமில் பிறகுதான் சரிசெய்தார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது புரியும். எகரத்தையும் தமிழ் ஏழையும் (எ, ௭) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ககரத்தையும் தமிழ் ஒன்றையும் (க, ௧) வைத்துப் பாருங்கள். கணினிக்கு அவை வெவ்வேறு எண்கள், கண்ணுக்கு ஒன்றே.

ஆகச் சிறகைப் பார்த்துப் பயனில்லை. நஞ்சைப் பார்க்க வேண்டும். அதாவது போலியால் மலிவாகச் செய்ய முடியாததை. இஸ்ரேலிய உயிரியலர் அமோட்ஸ் ஸஹாவி 1975இல் முன்வைத்த கருத்து இதுதான்: ஓர் அடையாளம் நம்பகமாக நீடிக்க வேண்டுமானால் அதைக் காட்டுவதற்குச் செலவு இருக்க வேண்டும். அவருக்கு இரண்டு ஆண்டு முன்னால், வேலைச் சந்தையில் பட்டம் ஏன் மதிக்கப்படுகிறது என்று கேட்ட பொருளியலர் மைக்கேல் ஸ்பென்ஸும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்திருந்தார். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். கடைக்கு இதைப் பொருத்தினால், நட்சத்திரக் குறி, பாராட்டு, பூட்டு, ரசீது, அழகான படம் எல்லாம் சிறகு. காலமும் சட்டப்பூர்வப் பெயரும் பணம் போய்ச் சேரும் கணக்கும்தான் நஞ்சு.

காலத்தைச் சோதிக்க, ஹூயிஸ் என்ற பொதுத் தேடலில் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அது எந்தத் தேதியில் பதியப்பட்டது என்று வரும். ‘1985 முதல் உங்கள் நம்பிக்கை’ என்று எழுதிய தளம் போன மாதம் பிறந்திருந்தால் அதற்கு மேல் ஆராய வேண்டாம்.

பெயரைச் சோதிப்பது இன்னும் பலமானது. 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகள்படி, இணையக் கடை தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் விவரம் எல்லாவற்றையும் தளத்தில் காட்ட வேண்டும். ஜிஎஸ்டி எண் போட்டிருந்தால் 15 இடங்களையும் நிதானமாகப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, உரிமையாளரின் பான் எண். சிவகாசிக் கடை என்று சொல்லிக்கொண்டு வேறு மாநில எண்ணில் தொடங்கினால் கேள்வி கேட்கலாம். 33 என்று இருந்தாலும் அது அடுத்த கடையின் எண்ணைத் திருடிப் போட்டதாக இருக்கக்கூடும். அதனால் ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைக் கொடுத்துப் பதிவான பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு யுபிஐ செயலியில் பணம் அனுப்பப் போகும்போது, பின் எண் கேட்பதற்கு முன்னால் திரையில் ஒரு பெயர் தெரியும். 2025 ஜூன் இறுதிக்குள் அந்த இடத்தில் வங்கிப் பதிவில் உள்ள பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று தேசிய கொடுப்பனவுக் கழகம் உத்தரவிட்டது. பெறுகிறவர் தனக்குப் பிடித்த பெயரை அங்கே எழுதிக்கொள்ள முடியாது. தளத்தில் ஒரு பெயர், ஜிஎஸ்டியில் இன்னொன்று, பணம் போவதோ எங்கோ ஒரு மாநிலத்துத் தனிநபரின் கணக்குக்கு என்றால், அந்தத் தனிநபர் பெரும்பாலும் கமிஷனுக்காகத் தன் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்டவராக இருப்பார். இந்த மூன்று பெயரையும் பொருத்திக் காட்டுவது திருடனுக்குக் கடினம், நமக்கு இரண்டு நிமிட வேலை. சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி இல்லாமல் இருக்கலாம் என்பது உண்மை. அவர்களிடம் பணத்தைக் கையில் கொடுத்து வாங்குவதே நல்லது.

பணம் கொடுக்கும் வழியிலும் வித்தியாசம் இருக்கிறது. கடன் அட்டையில் கொடுத்தால், பொருள் வரவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கோரலாம். யுபிஐயில் அனுப்பியது அந்த நொடியே அடுத்தவர் கணக்கில் போய் விழுந்துவிடும். ‘பணம் பெற’ என்று சொல்லி யாராவது பின் எண் போடச் சொன்னால் அது பொய். பணம் பெறப் பின் எண் தேவையே இல்லை. பொருள் வந்தபின் பணம் என்ற முறையும் முழுப் பாதுகாப்பு இல்லை, பெட்டியைத் திறக்குமுன் காசு கைமாறிவிடுகிறது. ‘ஆர்டர் போடவில்லையா, ரத்து செய்ய ஓடிபி சொல்லுங்கள்’ என்று வாசலில் நின்று கேட்கும் ஆளுக்கும் ஓடிபி தர வேண்டியதில்லை. ‘வழி தெரியவில்லை, இந்த எண்ணை அழுத்துங்கள்’ என்று *401* என்று தொடங்கும் எண்ணைச் சொன்னால் வைத்துவிடுங்கள். அது உங்கள் அழைப்புகளை இன்னொருவர் கைப்பேசிக்குத் திருப்பிவிடும் கட்டளை. வங்கி குரல்வழியாகச் சொல்லும் ஓடிபியும் சேர்ந்து போய்விடும். இப்படித் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருந்தாலும், அழுத்திப் பார்த்துச் சோதிக்க வேண்டாம்.

பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டியது சைபர் குற்ற உதவி எண் 1930. பரிவர்த்தனைக்கு ஒரு 12 இலக்கக் குறிப்பு எண் இருக்கும், யுடிஆர் என்று செயலியில் தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் பதிவானதும் பணம் சேர்ந்த வங்கிக்கு மின்னணு வழியில் தகவல் போகிறது. பணம் இன்னும் அங்கே இருந்தால் அந்தத் தொகையை நிறுத்தி வைப்பார்கள், அடுத்த கணக்குக்கு நகர்ந்திருந்தால் அங்கே துரத்துவார்கள். திருடர்கள் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி, ஏடிஎம்மில் எடுப்பதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. வெட்கத்தில் இரண்டு நாள் யோசித்தவர்களுக்குப் பணம் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். அங்கீகரிக்காத பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பைக் குறைத்து 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை உண்டு. வேறு யாரோ உங்கள் கணக்கில் புகுந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு அது பெரும் துணை. நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணத்துக்கு அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ஏமாந்த கதையைச் சமூக ஊடகத்தில் எழுதினால் ஆறுதல் வரும். கூடவே, பணத்தை மீட்டுத் தருகிறோம், ‘செயல்முறைக் கட்டணம்’ மட்டும் அனுப்புங்கள் என்று சைபர் பிரிவு அதிகாரி பெயரில் ஒரு செய்தியும் வரும். ஒருமுறை நம்பியவர் பட்டியலில் இருப்பவர் மறுமுறையும் நம்பலாம் என்பது அவர்கள் கணக்கு. புகார் கொடுக்கவும் கட்டணமில்லை, நிறுத்திவைத்த பணத்தைத் திரும்பப் பெறவும் காவல்துறைக்குக் கட்டணம் கிடையாது. 1930 நாம் அழைக்கிற எண். பணம் கேட்டு அங்கிருந்து யாரும் அழைப்பதில்லை.